சோலியும் நிற்றலும்: பாலஸ்தீனப் பெண்ணியச் செயல்பாட்டின் ஒளியில் தூத்துக்குடிக் கடற்கரைப் பெண்களின் நகரவெளி

ஆய்வுச் சுருக்கம்

பெண்கள் போராட்டங்களைப் பற்றி எழுதுவோர் 'பெண்கள் வீதிக்கு வந்தனர்' என்னும் தொடரைப் பெரிதும் கையாளுகின்றனர். கூடை சுமந்தும் உப்பு வாரியும் பல தலைமுறைகளாக வீதியில் இருந்துவரும் கடற்கரைப் பெண்களுக்கு இத்தொடர் பொருந்துமா என்னும் ஐயத்திலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. தென்மாவட்ட வழக்கிலுள்ள 'சோலி' என்னும் சொல்லைக் கருத்தாக்கமாகக் கொண்டு, எருசலேம், நாபுலுசு ஆகிய நகரங்களின் பெண்கள் வரலாற்றோடு தருவைகுளம் முதலிய தூத்துக்குடிக் கடற்கரை ஊர்ப்பெண்களின் நகர அனுபவத்தை வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நகரவெளி, சோலி, மனு, உப்பளம், மீன் விற்கும் பெண்கள், பாலஸ்தீனப் பெண்ணியம்

முன்னுரை

தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களில் வழியில் எதிர்ப்படும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி, 'எங்க போறிய, என்ன சோலி?' என்பது. கேட்பவர் பெரும்பாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அது நலம் விசாரிப்பின் ஒரு வடிவம். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு விதி உறைந்துள்ளது. பெண் வெளியில் இருக்கிறாள் என்றால் அவளுக்கு ஒரு காரியம் இருந்தாக வேண்டும். காரியம் முடிந்ததும் அவள் திரும்பியாக வேண்டும். ஆணிடமும் இக்கேள்வி கேட்கப்படுவது உண்டு. ஆனால் 'சும்மாதான்' என்ற விடையைச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட அவனால் முடியும். அதே விடையைச் சொல்லிவிட்டு அதே பலகையில் உட்காரும் பெண்ணை இக்கடற்கரையின் எந்த ஊரிலும் காண்பது அரிது.

மும்பை நகரை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்னும் நூல் இக்கருத்தை விரிவாகப் பேசியது. நகர்ப்புறப் பெண் பொதுவெளியில் தனக்கொரு நோக்கம் இருப்பதை எந்நேரமும் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும், நோக்கமின்றி வெளியில் இருத்தலே குடியுரிமையின் முழுவடிவம் என்றும் அந்நூலாசிரியர்கள் வாதிட்டனர். அவ்வாதத்தை இக்கட்டுரை ஏற்கிறது. ஆயின் அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. மீன் விற்கும் பெண்ணும் அளத்துத் தொழிலாளியும் நோக்கத்தைக் 'காட்டிக்கொள்வது' இல்லை. நோக்கம் அவர்கள் தலையிலேயே இருக்கிறது, சுமையாக. அச்சுமை அவர்களுக்கு நகரத்தின் வழிகளைத் திறந்துவிட்டது. நகரத்தில் நிற்க இடம் தந்ததா என்பதே கேள்வி.

பாலஸ்தீனப் பெண்கள் வரலாற்றோடு இதனை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இராணுவ ஆக்கிரமிப்பு, ஊரடங்கு, சோதனைச்சாவடி ஆகியவற்றின் கீழ் ஒரு பெண் தெருவில் இறங்குவதற்கு எத்தகைய காரணங்கள் ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படவில்லை என்பதை அங்குள்ள எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் ஒரு நூற்றாண்டாகப் பதிவு செய்து வந்துள்ளனர். இருவேறு நிலங்களின் துயரங்களைச் சமன்படுத்துவது இங்கு நோக்கமன்று. அங்குக் கூர்மையாகத் தெரியும் ஒன்று இங்கு மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவே.

உமணர் மகளும் கண்ணகியும்

சோலியோடு தெருவில் வரும் பெண்ணைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லைப் பெற்றுச் செல்கிறாள். அம்மூவனார் பாடிய அகநானூற்று 140ஆம் பாடலில் உமணர் மகள் உப்புக்கு மாற்றாக நெல்லைக் கூறிச் சேரியில் விலை சொல்லி வருகிறாள். பழகாத குரலைக் கேட்ட மனைநாய் குரைக்கிறது, அவள் அஞ்சுகிறாள், அந்த அச்சத்தோடு கூடிய கண்களே தலைவனின் நோய்க்குக் காரணமாகின்றன. பாடல் தலைவன் கூற்று. உமணர் மகள் அன்று எவ்வளவு உப்பு விற்றாள், எப்போது வீடு திரும்பினாள் என்பது பாடலின் அக்கறை அன்று. தெருவுக்கு வந்த உழைக்கும் பெண்ணுக்குக் கிடைத்த எதிர்வினைகள் இரண்டு: நாயின் குரைப்பு, ஆணின் பார்வை. உரைகள் இப்பாடலின் நயத்தைப் போற்றிய அளவுக்கு இந்த ஏற்பாட்டைக் கவனிக்கவில்லை.

கண்ணகியின் நிலை வேறு. ஊர்சூழ் வரியில் அவள் மதுரைத் தெருக்களில் நடப்பது விற்பனைக்காகவோ நீருக்காகவோ அன்று. அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கணவனை இழந்தவள் என்னும் தகுதியே அவளுக்கு அரண்மனை வாயிலைத் திறக்கிறது. அவளை நினைத்துக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரை கூறுகிறது. (கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைவிட்டு விலகி நிற்கும் சிற்றூர்.) அந்த ஆயிரவர் வீட்டுப் பெண்கள் எந்தத் தெருவில் நின்று அழுதனர் என்று காப்பியம் சொல்லவில்லை. பத்தினிக்குரிய நீதி மற்றப் பெண்களின் வாயில்களைத் திறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, பெண் தெருவில் இருப்பதற்கு மரபு இரண்டு உரிமச்சீட்டுகளை வழங்கியிருந்தது எனலாம். ஒன்று சோலி, மற்றொன்று உறவை இழந்த துயரின் வழக்கு. பின்வரும் பகுதிகளில் இவ்விரண்டும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்.

எருசலேமின் கார்களும் வாயிலோரப் பெண்களும்

1929 அக்டோபரில் எருசலேமில் அரபுப் பெண்கள் மாநாடு கூடியது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். பிரித்தானிய உயர் ஆணையரிடம் தீர்மானங்களை நேரில் கையளித்த பின், மாநாட்டினர் கார்களில் அணிவகுத்து நகரைச் சுற்றி வந்தனர். பாலஸ்தீனப் பெண்கள் இயக்க வரலாறுகள் பலவும் இந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றன. மாநாட்டின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான மத்தீல் முகன்னம் 1937இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அக்காலத்தை அறிய இன்றும் முதன்மைச் சான்று. 1933 ஏப்ரலில் நிகழ்ந்த மற்றோர் ஊர்வலத்தில் கிறித்தவரான முகன்னம் பள்ளிவாசலிலும், இசுலாமியரான தரப் அப்துல் ஹாதி திருக்கல்லறைத் தேவாலயத்திலும் உரையாற்றினர். நகரத்தின் இரு புனித இடங்களைப் பெண்கள் இடம்மாற்றிப் பயன்படுத்திய அந்நாள் நகரவெளி வரலாற்றில் தனித்த கவனத்துக்குரியது.

ஆயின் கார்களில் சென்றவர்கள் நகரின் வசதிமிக்க குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெருவில் இறங்குவது ஒரு நிகழ்வு. தமஸ்கு வாயிலின் ஓரத்தில் பூவேலைப்பாடு செய்த நீள அங்கியோடு அமர்ந்து திராட்சை இலையும் அத்திப்பழமும் மூலிகைக் கட்டுகளும் விற்கும் சிற்றூர்ப் பெண்களுக்கு அது நிகழ்வன்று, நாள்தோறும் நடப்பது. அவர்கள் 'வீதிக்கு வந்த' நாளென்று எதையும் குறிப்பிட முடியாது. அதனாலேயே இயக்க வரலாற்றில் அவர்களுக்கு இடம் குறைந்துபோயிற்று. 1990களுக்குப் பின் எருசலேமுக்குள் நுழைய அனுமதிச்சீட்டும் சோதனைச்சாவடியும் கடுமையானபோது, விளைபொருளோடு நகருக்கு வருவது அப்பெண்களுக்கே பெரும்பாடாயிற்று. அதுவரை எவரும் அரசியல் என்று பெயரிடாத நடை, தடுக்கப்பட்டபோது அரசியலாயிற்று.

இந்த நடையை நாவலுக்குள் கொண்டுவந்தவர்களில் நாபுலுசில் பிறந்த சஹர் கலீஃபா முதன்மையானவர்; அவ்வூரில் 1988இல் பெண்கள் விவகார மையத்தை நிறுவியவரும் அவரே. முதல் எழுச்சிக் காலத்தைக் களமாகக் கொண்ட அவரது 'பாபுஸ்ஸாஹா' (1990) அந்நகரின் ஒரு பழைய குடியிருப்புப் பகுதியின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அதில் மூன்று பெண்கள் முக்கியமானவர்கள். ஸமர் கல்வி கற்றவள். எழுச்சி பெண்களின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்று வினாப்படிவத்தோடு திரிபவள். நுஸ்ஹா ஊரால் கெட்ட பெயர் சூட்டி ஒதுக்கப்பட்டவள். ஸக்கிய்யா மருத்துவச்சி. மகப்பேறு ஊரடங்குக்காகக் காத்திருப்பதில்லை. எனவே எல்லா வீட்டுக் கதவுகளும் மருத்துவச்சிக்குத் திறக்கின்றன. சோலியின் வலிமைக்கு ஸக்கிய்யாவைவிடச் சிறந்த உரு இல்லை. அதன் எல்லைக்கு நுஸ்ஹாவின் வீடு சான்று. அந்த வீட்டுக்குள் பிற பெண்கள் நுழைவதற்கு எந்தச் சோலியும் போதுமானதாக இல்லை. தெருவில் ஆபத்து சூழ்ந்தபோதுதான் அது அவர்களுக்குப் புகலிடமாகிறது. ஆய்வாளர்களாகிய நாம் ஸமரின் கையிலுள்ள வினாப்படிவத்தைச் சற்று நாணத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். விடுதலைப் போர் பெண்களுக்கு என்ன தந்தது என்ற கேள்விக்கு அவள் எதிர்பார்த்த விடைகள் கிடைப்பதில்லை.

ரமல்லாவில் வாழும் கட்டடக்கலைஞர் சுவாத் அமீரி தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். அவருடைய நாய்க்குட்டிக்கு எருசலேம் விலாசத்தோடு ஆவணம் கிடைத்துவிட்டது. அவருக்கோ எருசலேம் செல்ல அனுமதியில்லை. நாயை அழைத்துச் செல்லும் ஓட்டுநர் என்று சொல்லிச் சாவடியைக் கடக்கிறார். பேராசிரியர், நூலாசிரியர் என்னும் தகுதிகளால் திறக்காத வழி நாயின் பணிப்பெண் என்னும் சோலியால் திறந்தது. சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய செய்தி அன்று இது.

தருவைகுளத்திலிருந்து நகரத்துக்கு

தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடலோரமாக அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். தருவை என்பது தென்மாவட்ட வழக்கில் பெரிய நீர்நிலையைக் குறிக்கும். சாத்தான்குளம் பக்கத்து வைரவம் தருவை அவ்வழக்குக்கு மற்றொரு சான்று. கடற்கரை ஊர் ஒன்று நன்னீர் நிலையால் பெயர்பெற்றிருப்பது கருதத்தக்கது. இவ்வூர்ப் படகுகள் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பவை. இவ்வட்டாரத்தார் இதனைத் தங்குகடல் என்பர். ஆணுக்குக் கடலில் தங்குதல் தொழிலின் பகுதி; அதற்கென ஒரு சொல்லே உண்டு. கரையிலிருக்கும் பெண்ணின் வெளிநடமாட்டத்துக்குப் போதல், வருதல், திரும்புதல் என்னும் சொற்களே உள்ளன, தங்குதல் இல்லை.

ஏலம் எடுத்த மீனை அலுமினியக் கூடையிலோ ஓலைப்பெட்டியிலோ வைத்து உள்ளூர்களுக்கும் நகரத்துச் சந்தைகளுக்கும் கொண்டுசெல்லுதல் இக்கடற்கரை முழுவதும் பெண்களின் தொழில். பிடிப்பது ஆண், விற்பது பெண் என்னும் பழைய பகுப்பு, பெரிய வியாபாரிகளும் குளிரூட்டிய வண்டிகளும் வந்தபின் குலைந்துவிட்டது. தரமான மீன் ஏலத்திலேயே ஏற்றுமதிக்குப் போய்விட, எஞ்சியதும் கருவாடும் பெண்களின் பங்காயின. நகரத்தில் அவர்கள் நடக்கலாம், கூவலாம், வீட்டு வாசலில் கூடையை இறக்கலாம். நடைபாதையில் நிலையாக அமர்ந்தால் அது ஆக்கிரமிப்பு எனப்படும். நடையை அனுமதித்து நிற்றலை மறுக்கும் இந்த ஏற்பாடு தூத்துக்குடிக்கு மட்டும் உரியதன்று.

பேருந்தும் நகரவெளிதான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதே ஆண்டு டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர் மீன்வாடை வீசுவதாகக் கூறிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதபடி உரத்த குரலில் பேருந்து நிலையத்திலேயே நியாயம் கேட்டார். அக்காட்சி காணொளியாகப் பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவர் பயணச்சீட்டு எடுக்காதவர் அல்லர். அரசே சீட்டின்றிச் செல்லலாம் என்று சொன்னவர். உரிமை இருந்தது, வாடை அதனைச் செல்லாததாக்கியது. தொழிலின் அடையாளமே தொழிலுக்கான வழியை அடைக்கும் முரண் இது. அவர் அப்பேருந்து நிலையத்தில் நின்று பேசிய சில நிமிடங்களைப் பெண்ணியச் செயல்பாட்டின் வரலாற்றில் சேர்க்கத் தயங்கவேண்டியதில்லை. எந்த அமைப்பும் அவரை அங்கு அனுப்பவில்லை என்பது ஒரு குறையாகாது.

உப்பளத்துக்கு வருவோம். வேப்பலோடை, தருவைகுளம், முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என விரியும் அளங்களில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் சுமந்தும் உழைப்போரில் பெண்கள் பெருந்தொகையினர். ராஜம் கிருஷ்ணன் இப்பகுதியில் தங்கி, மக்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' (1979) இவ்வுழைப்பை நாவலாக்கியது. அளத்துக்குக் கூலிக்கு வரும் பொன்னாச்சி என்னும் இளம்பெண்ணின் வழியாக, வெயிலையும் உப்பையும்விட மேலாளரின் கைக்கு அஞ்ச வேண்டிய பணியிடத்தை அது காட்டுகிறது. அளம் ஊருக்கும் நகருக்கும் இடைப்பட்ட வெட்டவெளி. அங்கு ஒதுங்க மரம் கிடையாது. கழிப்பறையும் நிழற்கூடமும் இல்லாமை பல காலமாகத் தொழிலாளர் எழுப்பிவரும் குறை. மழைக்காலத்தில் வேலையற்றுப்போகும் மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு 2021-22ஆம் ஆண்டில் அறிவித்தது. உட்காரும் இடம் பற்றிய கோரிக்கையை நிவாரணத் தொகை தீர்ப்பதில்லை. பகல் முழுவதும் ஓரிடத்தில் உழைத்தும் அவ்விடத்தில் அமர உரிமையற்ற பெண்ணை நகரவெளி பற்றிய கோட்பாடுகள் எங்கே வைக்கும்? ஹென்றி லெஃபெவ்ர் 1968இல் 'நகரத்துக்கான உரிமை' பற்றி எழுதியபோது பாரிசின் தொழிலாளரை எண்ணியிருக்கலாம். உப்புப் பாத்தியை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

மனுவும் முற்றுகையும்

உழைக்கும் பெண்ணுக்கு நகரத்தின் ஆட்சியிடங்களில் நிற்க வாய்ப்பளிக்கும் ஒரே சோலி மனு. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் கையில் தாளோடு நிற்கும் வரிசையில் பெண்களைப் பெருமளவில் காணலாம். தருவைகுளத்துப் பெண்களுக்கு இவ்வழி புதிதன்று. 2023 அக்டோபரில் இவ்வூர் மீனவர் பன்னிருவரை மாலத்தீவுக் கடலோரக் காவல்படையும், 2024 ஆகஸ்டில் இருபத்திருவரை இலங்கைக் கடற்படையும் சிறைபிடித்தன. தங்குகடலுக்குப் போனவர் அயல்நாட்டுச் சிறையில் தங்கிவிடும்போது, அவரவர் மனைவியரும் தாய்மாரும் அரசின் முன் பேசவேண்டியவர் ஆகின்றனர். ஆனால் அவர்கள் பேசும் தகுதி 'இன்னாரின் மனைவி' என்பது. கண்ணகியின் உரிமச்சீட்டு இன்றும் செல்லுபடியாகிறது.

கடலுக்கு அக்கரையில் இதே சீட்டு எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதும் நினைக்கத்தக்கது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியினர், கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரிக் கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்றனர். (ஆட்சியர் அலுவலகத்தைக் கச்சேரி என்னும் பழைய வழக்கு நம் பக்கமும் இருந்தது; ஈழத்தில் நிலைத்துவிட்டது.) தாய்மை என்னும் அடையாளம் இராணுவத்தின் முன் அவர்களுக்கு ஓரளவு காப்பளித்தது. ஆனால் தாயாக மட்டுமே பேசக்கூடிய பெண், மகனின் இயக்கத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கும்போது அக்காப்பு நிலைப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, எல்லாத் தரப்புகளின் வன்முறையையும் பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று பணி முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தூத்துக்குடித் தாமிர உருக்காலைக்கு எதிரான இயக்கத்தில் பெண்களின் இடத்தை இப்பின்னணியில் பார்க்கலாம். ஆலை இயங்கத் தொடங்கிய சிறிது காலத்தில், 1997 ஜூலையில், அண்டையிலிருந்த உலர்மலர்த் தொழிற்கூடத்தில் பணிசெய்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மயங்கி விழுந்தனர். ஆலையின் வாயுவே காரணம் என்ற புகார் எழுந்தது. போராட்ட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் பெண்கள் தாய்மாராக அன்றித் தொழிலாளராகவே வருகின்றனர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேராசிரியர் பாத்திமா பாபு போன்றோர் 1990களிலிருந்து இவ்வியக்கத்தில் முன்னின்றனர். பின்னாளில் மேடைகளிலும் செய்திகளிலும் 'குழந்தைகளின் எதிர்காலத்துக்காக' என்னும் தொடர் முன்னே வந்து, மயங்கி விழுந்த தொழிலாளியைப் பின்னே தள்ளிவிட்டது.

ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரி 12 அன்று அ. குமாரரெட்டியாபுரத்தில் மக்கள் அமர்ந்தனர். நாள்தோறும் அமர்ந்தவர்களில் பெண்களே மிகுதி. இங்கு 'அமர்தல்' என்னும் வினையைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நகரத்துக்குப் போகவில்லை. ஏற்கெனவே வாழ்ந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தனர். சோலியற்று வெளியில் இருத்தல் என்று நாம் மேலே பேசியது, நூறு நாள் அளவுக்கு, பகலில், ஊரறிய நிகழ்ந்தது. சமையலும் கூலிவேலையும் முறைவைத்துப் பகிரப்படாமல் அது நடந்திருக்க இயலாது. களத்திலிருந்து வந்த எழுத்துகள் முழக்கங்களைக் குறித்துவைத்த அளவுக்கு இந்தப் பகிர்வைக் குறிக்கவில்லை. அது பெரும் இழப்பு.

நூறாவது நாளான மே 22 ஒரு செவ்வாய்க்கிழமை. மனுநாள் திங்கள். அன்று வந்தவர்கள் வரிசையில் நிற்க வரவில்லை; ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிட வந்தனர். பனிமய மாதா ஆலயப் பகுதியிலிருந்து ஒரு பெருந்திரள் புறப்பட்டது. காவல்துறை துப்பாக்கிச்சூட்டிலும் அதன் தொடர்ச்சியிலும் பதின்மூவர் இறந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள்: ஒருவர் ஊர்வலத்தில் வந்த இளம்பெண், மற்றவர் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்தில் கொல்லப்பட்ட நடுவயதுத் தாய். பின்னவர் போராட்டத்துக்குப் போனவர் அல்லர் என்றும், மகள் வீட்டுக்கு மீன் கொண்டுபோனார் என்றும் குடும்பத்தார் கூறியது அக்காலச் செய்திகளில் பதிவாகியுள்ளது. முன்னவர் சோலியின்றி நின்றவர். பின்னவர் சோலியாக நடந்தவர். தோட்டாவுக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பிறகு எழுந்த பேச்சில் அவ்வேறுபாடு இருந்தது. 'அவர் போராடக்கூடப் போகவில்லையே' என்னும் இரக்கம், போராடப் போனவரின் சாவுக்கு ஒரு காரணம் இருந்ததுபோல் ஒலிக்கும். சோலி என்னும் உரிமச்சீட்டின் மிக மோசமான பயன்பாடு அதுவே. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, துப்பாக்கிச்சூட்டுக்குத் தூண்டுதல் ஏதும் இருக்கவில்லை என்று கண்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

தாலிஆத்

2019 ஆகஸ்டில் பெத்லகேம் பகுதியில் இளம்பெண் ஒருவர் குடும்ப வன்முறையால் இறந்ததைத் தொடர்ந்து, செப்டம்பர் 26 அன்று ஹைஃபா, ரமல்லா, எருசலேம், காசா உள்ளிட்ட நகரங்களிலும் பெய்ரூட், பெர்லின் போன்ற புலம்பெயர் நகரங்களிலும் பாலஸ்தீனப் பெண்கள் ஒரே நாளில் ஊர்வலம் சென்றனர். இவ்வியக்கத்துக்குத் 'தாலிஆத்' என்று பெயர். வெளியே வருகிறவர்கள், எழுகிறவர்கள் என்று பொருள்படும். பெண்கள் விடுதலையாகாமல் தாயகம் விடுதலையாகாது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆக்கிரமிப்பு இருக்கையில் வீட்டுக்குள் நடப்பதைத் தெருவில் பேசலாமா என்ற பழைய தயக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. தாய், மனைவி, தியாகியின் சகோதரி என்னும் தகுதிகள் எதையும் அவர்கள் ஏந்திவரவில்லை என்பதே 1929இன் கார் அணிவகுப்பிலிருந்தும் அதற்குப் பிந்திய பல ஊர்வலங்களிலிருந்தும் அவர்களை வேறுபடுத்துகிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இதற்கு நிகரான ஒன்று நிகழ்ந்ததாகச் சொல்ல இயலவில்லை. ஆலைக்கு எதிராக அமர்ந்த பெண்கள், ஊர்க் கமிட்டிகளில் தங்களுக்கு இடமில்லாததைப் பற்றியோ, அளத்தில் மேலாளரின் கை பற்றியோ, மது பற்றியோ அதே களத்தில் எவ்வளவு பேசினர் என்பது தனி ஆய்வுக்குரியது. பொது எதிரி இருக்கையில் வீட்டுக் குறைகள் பின்வாங்குவது எல்லா நிலங்களிலும் காணப்படுவதே. ஆனால் பாலஸ்தீனச் சான்று காட்டுவது, அப்பின்வாங்கலுக்கு எவரேனும் நாள் குறிக்கும்வரை அது முடிவதில்லை என்பது. ஸமரின் வினாப்படிவத்துக்கும் தாலிஆத் ஊர்வலத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

இலக்கணம் பற்றிய ஒரு குறிப்பு. 'தாலிஆத்' அரபு மொழியில் பெண்பாற் பன்மை. ஆண்கள் எவரும் அச்சொல்லுக்குள் நுழைய முடியாது. தமிழில் உயர்திணைப் பன்மை பலர்பால் ஒன்றே. 'வந்தார்கள்', 'அமர்ந்தார்கள்' என்னும் வினைகள் பெண்களைத் தனித்துக் காட்டுவதில்லை. தூத்துக்குடிப் போராட்டம் பற்றிய எழுத்துகளில் 'மக்கள் திரண்டனர்', 'ஊர்மக்கள் அமர்ந்தனர்' என்னும் தொடர்களே நிறைந்துள்ளன. அவற்றில் எத்தனை 'அமர்ந்தனர்' பெண்களுடையவை என்பதை வினைமுற்றைக்கொண்டு அறிய வழியில்லை. அ. குமாரரெட்டியாபுரத்துக்கும் தருவைகுளத்துக்கும் நேரில் சென்று, யார் எத்தனை நாள் அமர்ந்தார், அந்நாள்களில் அவர் வீட்டு அடுப்பை யார் பார்த்துக்கொண்டார் என்று அப்பெண்களிடமே கேட்டுத்தான் அறிய வேண்டும். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.